சிறார் கையில் ரவைத் துப்பாக்கி: பிரித்தானியச் சட்டத்தில் 'மேற்பார்வை' என்னும் சொல்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியாவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், 15 வயது நிரம்பாத ஒருவர் கூட்டிப் பொருத்தப்பட்ட ரவைத் துப்பாக்கியைத் தம்முடன் வைத்திருக்க வேண்டுமானால் 21 வயது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்கிறது. வயதுகளைத் துல்லியமாக எண்ணிச் சொல்லும் அச்சட்டம், மேற்பார்வை என்பது யாது என எங்கும் வரையறுக்கவில்லை. விதி மீறப்படும்போது அவ்வுட்பிரிவின் சொற்படி குற்றவாளியாக நிற்பவரும் மேற்பார்வையாளர் அல்லர், சிறாரே. வயது வரம்புகள், சான்றிதழ், இரவல் பெறுதல் ஆகியவை குறித்த விதிகளோடு இச்சொல் எவ்வாறு இணைந்து இயங்குகிறது என்பதையும், அதற்கு உரிமையியல் நீதிமன்றங்கள் தந்துள்ள உள்ளடக்கத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ரவைத் துப்பாக்கி, சிறார், மேற்பார்வை, முன்னிலை, உடைமை, குற்றப் பொறுப்பு வயது

முன்னுரை

இங்கிலாந்தின் ஊரகப் பகுதிகளில் ஷாட்கன் எனப்படும் ரவைத் துப்பாக்கி பண்ணை வீட்டுக் கருவிகளுள் ஒன்று. விளைந்த வயலில் இறங்கும் காட்டுப்புறாக்களைச் சுடவும், முயல்களைக் கட்டுப்படுத்தவும், பருவகாலத்தில் வேட்டைப் பறவைகளைச் சுடவும் அது பயன்படுகிறது. எந்திரத்தால் வானில் எறியப்படும் களிமண் வட்டுகளைக் குறிபார்த்துச் சுடுவது தனியொரு விளையாட்டாகவே வளர்ந்துள்ளது. இப்பழக்கம் பெரும்பாலும் குடும்பத்துக்குள் கைமாறுவது. பத்து, பன்னிரண்டு வயதில் தந்தையோடு வயலுக்குச் செல்லும் பிள்ளை அங்கேயே சுடக் கற்றுக்கொள்கிறது. இவ்வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யாமல் கட்டுக்குள் வைப்பதே பிரித்தானியச் சட்டம் மேற்கொண்ட வழி.

இந்திய வாசகருக்கு இது வியப்பளிக்கக்கூடும். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, 21 வயது நிரம்பாத எவரும் துப்பாக்கியைப் பெறவோ உடைமையில் வைத்திருக்கவோ ஏந்திச் செல்லவோ கூடாது என்கிறது. தொடக்கத்தில் 16-ஆக இருந்த இவ்வரம்பு 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21-ஆக உயர்ந்தது. விதிகளில் குறிக்கப்படும் வயதை எட்டியவர்கள் பயிற்சியின்போது பயன்படுத்துவதற்கு மட்டும் அப்பிரிவு விலக்களிக்கிறது. அதாவது, இந்தியச் சட்டம் சிறாரைப் பயிற்சி என்னும் வாயில் வழியே மட்டும் உள்ளே விடுகிறது. பிரித்தானியச் சட்டமோ மேற்பார்வை என்னும் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயிலின் அகலம் எவ்வளவு என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

1968-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்து, வேல்சு, சுகாத்லாந்து ஆகிய மூன்றுக்கும் உரியது. வட அயர்லாந்து 2004-ஆம் ஆண்டின் தனி ஆணையால் ஆளப்படுவதால் இக்கட்டுரையின் எல்லைக்குள் வரவில்லை.

ரவைத் துப்பாக்கி: சட்ட வரையறை

சிறு ரவைகளை ஒரே வெடிப்பில் சிதறச் செலுத்தும் துப்பாக்கி என்பது பொதுவழக்கு. சட்டம் அதன் செயலை விட்டுவிட்டு வடிவத்தைக் கொண்டு வரையறுக்கிறது. குழலின் உட்புறம் வழவழப்பாக இருத்தல் வேண்டும். ரைபிளில் உள்ள சுருள்வரிப் பள்ளங்கள் இருத்தலாகாது. குழலின் நீளம் 24 அங்குலத்துக்குக் குறையலாகாது. துளையின் விட்டம் 2 அங்குலத்தை மிஞ்சலாகாது. தோட்டா அறை இருப்பின் அது கழற்ற முடியாததாகவும் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாததாகவும் இருத்தல் வேண்டும். சுழல் துப்பாக்கியும் காற்றுத் துப்பாக்கியும் இவ்வரையறைக்குப் புறம்பானவை.

இவ்வரையறைக்குள் அடங்கும் துப்பாக்கிக்கு ரைபிளைவிட எளிய சான்றிதழ் முறை உண்டு. இதற்கு வரலாற்றுக் காரணம் உள்ளது. 1920-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் ரைபிளையும் கைத்துப்பாக்கியையும் சான்றிதழின்கீழ்க் கொண்டுவந்தபோது, உழவரின் ரவைத் துப்பாக்கியை விட்டுவிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1967-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டமே அதற்கும் சான்றிதழ் வேண்டும் என விதித்தது. 1968 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

சிறாருக்கான மேற்பார்வை விதி இச்சான்றிதழ் முறையைவிட மூத்தது. காற்றுத் துப்பாக்கிகளையும் ரவைத் துப்பாக்கிகளையும் பற்றிய 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்து, 1968-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் 22-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவாகக் குடியேறியது அது. எனவே, எவர் வேண்டுமானாலும் சான்றிதழின்றி ரவைத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடிய காலத்தில், சிறாருக்கு மட்டும் இடப்பட்ட ஒற்றை வேலியாகவே மேற்பார்வை தோன்றியது. பின்னர் சான்றிதழ் என்னும் இரண்டாவது வேலி எழுந்தபோது, முதல் வேலி எதற்காக இருக்கிறது, எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று எவரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பின்வரும் சிக்கல்களுள் பல இதனால் விளைந்தவை.

வயதுப் படிகள்

ரவைத் துப்பாக்கிச் சான்றிதழ் பெறுவதற்குக் குறைந்தபட்ச வயது எதுவும் இல்லை. பொதுமக்களின் பாதுகாப்புக்கோ அமைதிக்கோ ஊறு நேராது எனக் காவல்துறைத் தலைமை அலுவலர் நிறைவடைந்தால், பத்து வயதுப் பிள்ளைக்கும் ஐந்தாண்டுச் சான்றிதழ் கிடைக்கலாம். ஆனால் அச்சான்றிதழைக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்பதை வயது வரையறுக்கிறது.

15 வயது நிரம்பாதவர், சான்றிதழ் உடையவராயினும் இல்லாதவராயினும், கூட்டிப் பொருத்தப்பட்ட ரவைத் துப்பாக்கியைத் தம்முடன் வைத்திருக்கலாகாது. இரண்டு சூழல்களில் மட்டும் இத்தடை நீங்கும்: ஒன்று, 21 வயது நிரம்பிய ஒருவரின் மேற்பார்வையில் இருக்கும்போது; மற்றொன்று, சுட இயலாதவாறு துப்பாக்கி இறுகக் கட்டிய உறைக்குள் இருக்கும்போது. 'கூட்டிப் பொருத்தப்பட்ட' என்னும் அடையும் கருதத்தக்கது. ரவைத் துப்பாக்கியைக் குழல் வேறு, அடிக்கட்டை வேறு எனக் கழற்றிப் பெட்டியில் வைப்பது வழக்கம்; அவ்வாறு கழற்றிய நிலையில் இவ்வுட்பிரிவு தொடாது. ஆகவே, பள்ளி விடுமுறையில் பேருந்தில் செல்லும் சிறுவன் கழற்றிய துப்பாக்கியைப் பெட்டியில் எடுத்துச் செல்வதை இவ்வுட்பிரிவு தடுக்கவில்லை. அவனுக்குச் சான்றிதழ் மட்டும் இருக்க வேண்டும்.

15 வயதுக்குட்பட்டவருக்கு ரவைத் துப்பாக்கியையோ அதற்குரிய தோட்டாக்களையோ அன்பளிப்பாகத் தருவது 24-ஆம் பிரிவின்படி தருபவரின் குற்றம். இரவல் தருவதை அவ்வுட்பிரிவு குறிப்பிடவில்லை. எனவே பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பிறந்த நாளுக்குத் தந்தை துப்பாக்கியைப் பரிசளிக்க இயலாது. ஆனால் பிள்ளைக்குச் சான்றிதழ் இருப்பின் தம் துப்பாக்கியை இரவலாகக் கொடுக்கலாம். சான்றிதழ் உடைய இருவருக்கிடையே 72 மணி நேரத்துக்கு மேற்படாத இரவலுக்குச் சான்றிதழில் பதிவும் தேவையில்லை. உரிமையை மறுத்துப் பயன்பாட்டை அனுமதிக்கும் இம்முறை ஒரு வகையில் பொருளுடையது. துப்பாக்கி பெரியவருடையதாகவே இருக்கும்வரை அதை வைத்துப் பூட்டும் பொறுப்பும் அவரிடமே தங்கும்.

15 வயது நிரம்பியதும் மேற்பார்வை விதி விலகுகிறது. சான்றிதழ் உடைய பதினைந்து வயதினர் தனியே வயலுக்குச் சென்று சுடலாம். விலைக்கு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ 18 வயது நிரம்ப வேண்டும். சட்டம் இயற்றப்பட்டபோது 17-ஆக இருந்த இவ்வயது, ஐரோப்பிய நெறிமுறையை ஒட்டி 2010-ஆம் ஆண்டு விதிகளால் உயர்த்தப்பட்டது.

இரண்டு பூட்டுகள்

மேற்பார்வையில் இருந்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்பது இத்துறையில் பரவலாக நிகழக்கூடிய தவறான வாசிப்பு. 22-ஆம் பிரிவு தருவது மேற்பார்வை இன்மையால் எழும் குற்றத்திலிருந்து மட்டுமான விலக்கு. சான்றிதழின்றி ரவைத் துப்பாக்கியை உடைமையில் வைத்திருப்பது 2-ஆம் பிரிவின்கீழ்த் தனிக் குற்றம். அதற்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை. அக்குற்றத்திலிருந்து சிறார் தப்ப, தம் பெயரில் சான்றிதழ் வேண்டும். அல்லது சட்டம் வேறிடத்தில் வகுத்துள்ள விலக்குகளுள் ஒன்று பொருந்த வேண்டும். ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒன்றின் திறவுகோல் மற்றொன்றைத் திறப்பதில்லை.

சான்றிதழுக்கான விலக்குகளுள் இரண்டு சிறாருக்குப் பெரிதும் பயன்படுவன. முதலாவது, களிமண் வட்டுச் சுடுதலுக்கெனக் காவல்துறைத் தலைமை அலுவலர் ஒப்புதல் அளித்த இடத்திலும் நேரத்திலும் சுடுவது. இரண்டாவது, தனியார் நிலத்தில் இரவல் பெற்றுச் சுடுவது. பின்னதன் பழைய வடிவம், நிலத்தை அனுபவிப்பவரிடம் இரவல் பெற்று அவர் முன்னிலையில் அந்நிலத்திலேயே பயன்படுத்தலாம் என்று மட்டும் சொன்னது. நிலத்தை அனுபவிப்பவர் யார் என்னும் வினா, குத்தகையாளர், வேட்டையுரிமை மட்டும் பெற்றவர், பண்ணைப் பணியாளர் எனப் பல்வேறு நிலைகளில் குழப்பம் விளைவித்தது. 2017-ஆம் ஆண்டுக் காவல் மற்றும் குற்றச் சட்டம் அதை நீக்கிவிட்டு 11அ பிரிவைப் புகுத்தியது.

இப்புதிய பிரிவின்படி இரவல் தருபவர் 18 வயது நிரம்பியவராகவும் சான்றிதழ் உடையவராகவும் இருத்தல் வேண்டும். அந்நிலத்தில் வேட்டைக்கோ சுடுதலுக்கோ பிறரை அனுமதிக்கும் உரிமை உடையவராகவோ, அவ்வுரிமையாளரிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் பெற்றவராகவோ அவர் இருத்தல் வேண்டும். நோக்கம் வேட்டை, தீங்குயிர்க் கட்டுப்பாடு, செயற்கை இலக்கைச் சுடுதல் ஆகியவற்றுள் அடங்க வேண்டும். அவருடைய சான்றிதழில் உள்ள நிபந்தனைகளுக்கு இரவல் பெறுபவரும் கட்டுப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவல் காலம் முழுவதும் இரவல் பெறுபவர், இரவல் தந்தவரின் அல்லது அவரை ஒத்த தகுதியுடைய மற்றொருவரின் முன்னிலையில் இருத்தல் வேண்டும். ரைபிளை இவ்வாறு இரவல் பெறுபவருக்கு 17 வயது வேண்டும் என்கிறது பிரிவு. ரவைத் துப்பாக்கியை இரவல் பெறுபவருக்கு வயது குறிக்கவில்லை.

மேற்பார்வையும் முன்னிலையும்

இங்கே இரு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன. சிறாரைப் பற்றிய 22-ஆம் பிரிவு மேற்பார்வை என்கிறது. சான்றிதழ் இல்லாதவரைப் பற்றிய 11அ பிரிவு முன்னிலை என்கிறது. இரண்டையும் சட்டம் வரையறுக்கவில்லை.

மேற்பார்வை என்னும் தமிழாக்கம் ஆங்கிலச் சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு பொருந்துவது; அவ்வாங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் மேலிருந்து பார்த்தல் என்பதே பொருள். கண்காணிப்பு என்னும் சொல்லோ கண்ணையே தன்னுள் கொண்டது. ஆயினும் வழக்கில் இச்சொற்கள் கண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்டன. பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில் பாலம் கட்டப்பட்டது என்றால், ஒவ்வொரு கல்லும் வைக்கப்பட்டபோது அவர் அருகில் நின்றார் என்று எவரும் கொள்வதில்லை. முன்னிலை அப்படியன்று. தமிழ் இலக்கணத்தில் அது எதிர்நின்று பேசப்படுவோனைக் குறிக்கும். சொன்னால் கேட்கும் தொலைவு அதில் அடங்கியுள்ளது. உள்துறை அமைச்சகத்தின் துப்பாக்கி உரிமச் சட்ட வழிகாட்டியும் முன்னிலை என்பதைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவு என்றே பொதுவில் பொருள்கொள்கிறது. அவ்வழிகாட்டி சட்டமன்று, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எனினும் நடைமுறையில் காவல்துறை கைக்கொள்வது அதையே.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு காணலாம். பண்ணை ஒன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுமி, சான்றிதழ் உடைய தந்தை, சான்றிதழும் நல்ல பயிற்சியும் உடைய பத்தொன்பது வயது அண்ணன், துப்பாக்கியைத் தொட்டே அறியாத எழுபது வயதுத் தாத்தா ஆகியோர் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். சிறுமிக்குச் சான்றிதழ் இல்லையெனில் தந்தை அவளுக்கு இரவல் தரலாம். அவர் வேலியைத் தாண்டி அடுத்த வயலுக்குச் சென்று மறைந்த அந்நொடியே முன்னிலை அறுபடுகிறது. சிறுமியின் உடைமை சட்டப் புறம்பாகிறது. அவளுக்குச் சான்றிதழ் இருப்பின் முன்னிலை தேவையில்லை, மேற்பார்வை போதும். அடுத்த வயலில் நிற்கும் தந்தை மேற்பார்வையைத் தொடர்கிறாரா என்பது அப்போது வாதத்துக்குரியது. வயல், துப்பாக்கி, பிள்ளை எவையும் மாறவில்லை. மாறியது கையில் உள்ள தாள் மட்டுமே.

இனி அண்ணனையும் தாத்தாவையும் பார்க்கலாம். அண்ணன் 18 வயதைக் கடந்தவர் ஆதலால், தந்தையின் எழுத்து ஒப்புதலோடு அவர் 11அ பிரிவின்கீழ் இரவல் தரத் தகுதியுடையவர். பதினாறு வயதுத் தோழன் ஒருவனுக்கு அவர் இரவல் தந்து உடன் நின்றால் போதும். தங்கைக்கு அவர் இரவல் தந்து உடன் நின்றாலோ 22-ஆம் பிரிவு நிறைவேறாது. 21 வயது அவருக்கு இன்னும் ஆகவில்லை. அப்பிரிவு மேற்பார்வையாளரிடம் கேட்கும் ஒரே தகுதி வயதே. சான்றிதழோ, பயிற்சியோ, துப்பாக்கி பற்றிய அறிவோ அதில் இல்லை. ஆகவே சான்றிதழ் பெற்ற சிறுமிக்குத் தாத்தா மேற்பார்வையாளராகலாம். அண்ணன் ஆக முடியாது.

தாத்தாவின் நிலையிலும் ஒரு முடிச்சு உண்டு. தோட்டா சிக்கிக்கொண்ட துப்பாக்கியைச் சிறுமியிடமிருந்து வாங்கி, எடுத்துச் சென்று பாதுகாப்பாக வைக்க அவருக்குச் சான்றிதழ் இல்லை. தந்தை அங்கில்லாதபோது 11அ பிரிவின் விலக்கும் அவருக்குக் கிடைக்காது. சிறுமி 18 வயது நிரம்பாதவள் ஆதலால் அவளிடமிருந்து இரவல் பெற்றார் எனவும் சொல்ல இயலாது. உடைமை என்னும் கருத்தை ஆங்கில நீதிமன்றங்கள் விரித்தே பொருள்கொண்டுள்ளன. 1976-ஆம் ஆண்டு சல்லிவன் எதிர் கெய்த்னசு பிரபு வழக்கில், தாயின் குடியிருப்பில் துப்பாக்கிகளை விட்டுவிட்டு வேறோர் ஊரில் வாழ்ந்தவரும் அவற்றை உடைமையில் கொண்டவரே எனத் தீர்ப்பாயிற்று. 1987-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஹால் எதிர் காட்டன் வழக்கு, உரிமையாளர் விடுமுறையில் சென்றபோது பாதுகாப்புக்கெனப் பெற்று வைத்திருந்த நண்பருக்கும் உடைமை கைமாறியது என்றது. கண்டிப்பாகப் படித்தால், மேற்பார்வையாளர் ஆபத்தைத் தடுக்கக் கை நீட்டும் இடத்திலேயே சட்டத்தின் கோட்டைத் தொடுகிறார்.

22-ஆம் பிரிவுக்குள்ளேயே சொல்லாட்சி மாறுவதும் இங்குக் குறிக்கத்தக்கது. 14 வயதுக்குட்பட்டவரின் ரைபிளைப் பற்றிய உட்பிரிவு 'உடைமையில் வைத்திருத்தல்' என்கிறது. ரவைத் துப்பாக்கி பற்றிய உட்பிரிவு 'தம்முடன் வைத்திருத்தல்' என்கிறது. 1977-ஆம் ஆண்டுக் கெல்ட் வழக்கில், அதே சட்டத்தின் வேறொரு பிரிவில் வரும் 'தம்முடன்' என்னும் சொல்லுக்கு, உடைமையைவிட நெருங்கிய, உடல் அண்மையோடு கூடிய தொடர்பு வேண்டும் என்று விளக்கப்பட்டது. வீட்டு அலமாரியில் பூட்டிய துப்பாக்கி சிறுமியின் சான்றிதழில் இருந்தாலும் அவள் பள்ளியில் இருக்கும்போது அது அவளுடன் இல்லை. மேற்பார்வை, கையும் துப்பாக்கியும் அண்டி இருக்கும் நேரத்துக்கு மட்டுமே உரியது.

21 என்னும் எண்

மேற்பார்வையாளருக்கு 21 வயது எதற்காக? சட்டம் காரணம் கூறவில்லை. ஆயினும் 1962-இல் இங்கிலாந்தில் ஒருவர் சட்டத்தின் கண்ணில் முழு வளர்ச்சி எய்தும் வயது 21 என்பது இவ்வினாவுக்கு ஒளி தருகிறது. 1969-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் அவ்வயதை 18-ஆகக் குறைத்தது. 1970 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கிச் சட்டத்தின் எண் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. 2017-இல் 11அ பிரிவை எழுதியவர்கள் 18-ஐத் தேர்ந்தபோதும் 22-ஆம் பிரிவைத் தொடவில்லை. இருபத்தொரு வயதினரின் முதிர்ச்சியைக் கருதி வைத்துக்கொண்ட எண் இது என வாதிட இடமுண்டு. ஆனால் முதிர்ச்சியே நோக்கமாயின், வயதை மட்டும் கேட்டுத் திறனைக் கேட்காமல் விட்டது ஏன் என்பதற்கு விடை கிடைப்பதில்லை.

குற்றவாளி யார்?

22-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு, 15 வயது நிரம்பாத ஒருவர் மேற்பார்வையின்றித் துப்பாக்கியைத் தம்முடன் வைத்திருப்பது குற்றம் என்கிறது. எழுவாய் சிறார். மேற்பார்வையாளர் அந்தத் தொடரில் ஒரு சூழலாக மட்டுமே வருகிறார். தண்டனை சிறிது: சுருக்க விசாரணையில் மூன்றாம் படிநிலைத் தண்டம், உச்ச அளவு 1000 பவுண்டு. சிறிதாயினும் அது சிறார் பெயரில் எழுதப்படுவது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்றப் பொறுப்பு வயது 10. 1963-இல் 8-இலிருந்து உயர்த்தப்பட்டது அது; சுகாத்லாந்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 12 என்கிறது. பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ளோர் தீமையை அறியும் திறனற்றோர் எனக் கொள்ளும் பழைய ஊகம் ஒன்று ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இருந்தது. அரசுத் தரப்பு அதை முறித்தால்தான் தண்டனை. 1998-ஆம் ஆண்டுக் குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம் அவ்வூகத்தை நீக்கிவிட்டது. எனவே பதினோரு வயதுப் பிள்ளை இவ்வுட்பிரிவின்கீழ் முழுப் பொறுப்புடைய குற்றவாளி.

பெரியவர் தப்பிவிடுகிறார் என்பதன்று இதன் பொருள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் துப்பாக்கியைக் கொடுத்துத் தனியே அனுப்பியவரை, அக்குற்றத்துக்கு உடந்தையானவராக வழக்கில் நிறுத்தலாம். சான்றிதழும் விலக்கும் இல்லாத பிள்ளைக்குத் துப்பாக்கியைக் கைமாற்றுவது 3-ஆம் பிரிவின்கீழ்த் தனிக் குற்றம். அங்கீகாரம் இல்லாதவர் அணுகாதவாறு, நடைமுறையில் இயன்றவரை பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்னும் நிபந்தனை ஒவ்வொரு சான்றிதழிலும் உண்டு. அதை மீறுவதும் குற்றமே. உயிரிழப்பு நேர்ந்தால் பெருங்கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் காத்திருக்கிறது.

ஆனால் பிள்ளையின் வயது எட்டு எனில் உடந்தை என்னும் வழி தடுமாறுகிறது. உடந்தைக்கு முதற்குற்றம் ஒன்று வேண்டும். 1951-ஆம் ஆண்டு வால்ட்டர்சு எதிர் லண்ட் வழக்கு இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. ஏழு வயதுப் பிள்ளை எடுத்து வந்த முச்சக்கர மிதிவண்டியைப் பெற்றோர் வைத்துக்கொண்டனர். அன்றைய சட்டத்தில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையால் திருட இயலாது. ஆதலால் அது திருட்டுப் பொருளும் அன்று, பெற்றோர் திருட்டுப் பொருளைப் பெற்றவரும் அல்லர் எனத் தீர்ப்பாயிற்று. குற்றமறியாக் கருவியாகப் பிள்ளையைப் பயன்படுத்தியவரே முதற்குற்றவாளி என்னும் கோட்பாடு பல குற்றங்களில் இவ்விடைவெளியை நிரப்பும். 15 வயதுக்குட்பட்டவர் மட்டுமே செய்யக்கூடியதாக எழுதப்பட்ட ஒரு குற்றத்தில் நாற்பது வயதினரை முதற்குற்றவாளியாக்க அக்கோட்பாட்டை நீட்டுவது எளிதன்று. பிள்ளையின் வயது குறையக் குறைய ஆபத்து கூடுகிறது. இவ்வுட்பிரிவின் பிடியோ தளர்கிறது.

வேறு வகையில் எழுதியிருக்க முடியாதா என்றால், அதே சட்டத்தின் அடுத்த பிரிவிலேயே விடை உண்டு. ஆற்றல் குறைந்த காற்றுத் துப்பாக்கியைப் பற்றிய 23-ஆம் பிரிவு, மேற்பார்வையில் உள்ள சிறார் அவ்விடத்தின் எல்லைக்கு அப்பால் சுடுவதற்கு இடமளித்தால் மேற்பார்வையாளரே குற்றவாளி என்கிறது. 2010-ஆம் ஆண்டுக் குற்றம் மற்றும் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர், 18 வயதுக்குட்பட்டவர் கையில் அது சேராதிருக்க நியாயமான முன்னெச்சரிக்கை மேற்கொள்ளத் தவறுவதையே குற்றமாக்கியது. அங்கு எழுவாய் பெரியவர். காற்றுத் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் பொதுவாகச் சான்றிதழ் இல்லை என்பதால் அங்கு நேரடிக் கடமை தேவைப்பட்டது. ரவைத் துப்பாக்கியில் சான்றிதழ் நிபந்தனை அவ்வேலையைச் செய்கிறது என விடையளிக்கலாம். பூட்டி வைப்பதைப் பொறுத்தவரை அவ்விடை சரி. வயலில், துப்பாக்கி வெளியே இருக்கும் நேரத்தில், பிள்ளையின் அருகில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அது விடையாகாது. அவர் சான்றிதழே இல்லாத தாத்தாவாகவும் இருக்கலாம்.

உரிமையியல் நீதிமன்றங்கள் தந்த உள்ளடக்கம்

குற்றவியல் சட்டம் விட்ட வெற்றிடத்தில் மேற்பார்வைக்கு உருவம் கொடுத்தவை இழப்பீட்டு வழக்குகள். இவை 22-ஆம் பிரிவின் சொல்லை விளக்க எழுந்தவையல்ல. பிள்ளையின் கையில் துப்பாக்கி இருக்க விட்டவர் எவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்னும் வினாவுக்கு விடையாக எழுந்தவை.

1816-ஆம் ஆண்டு டிக்சன் எதிர் பெல் வழக்கில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை எடுத்துவரப் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பணிச்சிறுமி ஒருத்தியை எசமானர் அனுப்பினார். பற்றுமருந்தை எடுத்துவிட்டுக் கொடுக்குமாறு வீட்டுக்காரருக்குச் சொல்லியும் அனுப்பியிருந்தார். அவரும் எடுத்துவிட்டதாக எண்ணிக் கொடுத்தார். சிறுமி விளையாட்டாக வாதியின் மகனை நோக்கிக் குறிபார்த்து விசையை இழுத்தாள், துப்பாக்கி வெடித்தது. அச்சிறுவன் கண்ணிலும் பல்லிலும் காயமுற்றான். எசமானர் பொறுப்பேற்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிறரிடம் சொல்லி வைத்தது போதாது. தீங்கு செய்ய இயலாத நிலையில் துப்பாக்கியை ஆக்கிவைக்கும் கடமை அவருடையது. ஆபத்தான கருவி, அறியாப் பிள்ளை, இடையில் நிற்க வேண்டிய பெரியவர் என்னும் முக்கோணம் ஆங்கிலச் சட்டத்தில் இத்தீர்ப்பிலேயே தெளிவாக உருப்பெறுகிறது.

1916-ஆம் ஆண்டு பீபி எதிர் சேல்சு வழக்கில், பதினைந்து வயது மகன் காற்றுத் துப்பாக்கியால் சன்னல் கண்ணாடியை உடைத்ததாக முறையீடு வந்த பின்னும் தந்தை அதை அவனிடமே விட்டுவைத்தார். அவன் மற்றொரு சிறுவனின் கண்ணைக் காயப்படுத்தியபோது தந்தை பொறுப்பாளரானார். 1952-ஆம் ஆண்டு டொனால்ட்சன் எதிர் மக்னிவன் வழக்கிலோ தந்தை தப்பினார். வீட்டின் நிலவறையில் மட்டுமே சுட வேண்டும் என்று பதின்மூன்று வயது மகனிடம் உறுதி பெற்றிருந்தார். அதுவரை அவன் சொல் தவறியதில்லை. சொல்லை மீறுவான் என எதிர்பார்க்கக் காரணம் இல்லாத இடத்தில் சொல்லே போதிய மேற்பார்வை எனக் கொள்ளப்பட்டது. 1967-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள கோர்லி எதிர் காட் வழக்கிலும், கற்றலில் பின்தங்கிய பதினாறு வயது மகனுக்குத் தந்தை உரிய முறையில் பயிற்சி அளித்திருந்தமை அவரைக் காத்தது.

இவற்றுள் ரவைத் துப்பாக்கிக்கு நேராக உரியது 1959-ஆம் ஆண்டு நியூட்டன் எதிர் எட்ஜர்லி வழக்கு. பண்ணையாளர் ஒருவர் பன்னிரண்டு வயது மகன் .410 அளவுச் சிறு ரவைத் துப்பாக்கி வைத்திருக்க இசைந்தார். சுடக் கற்பித்தார். பண்ணைக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது, பிற பிள்ளைகள் இருக்கும்போது பயன்படுத்தக் கூடாது என்று கட்டளையிட்டார். மகன் இரண்டையும் மீறி நண்பர்களோடு சென்றான். மற்றொரு சிறுவன் கையிட்டபோது துப்பாக்கி வெடித்து ஒருவன் காயமுற்றான். டொனால்ட்சன் வழக்கின் தந்தையைப் போல இவரும் தடை விதித்திருந்தார், ஆனால் தப்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நண்பர்களின் ஆசைக்கு இணங்கிவிடும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒன்று, துப்பாக்கியையே கொடுத்திருக்கக் கூடாது. அல்லது, பிறர் அருகில் இருக்கும்போது அதை எவ்வாறு கையாள்வது என்பதையும் சேர்த்துக் கற்பித்திருக்க வேண்டும். பிறர் இருக்கும்போது தொடாதே என்று மட்டும் சொன்னதால், பிறர் இருக்கும்போது அதை எப்படி ஏந்துவது என்பதே அச்சிறுவனுக்குத் தெரியாமல் போயிற்று.

இத்தீர்ப்பு வந்து மூன்றாண்டுகளில் நாடாளுமன்றம் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. அதே நிகழ்வு இன்று நடந்தால், 22-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவின்கீழ் எழுதப்படும் குற்றப் பத்திரிகையின் முதல் வரியில் இருப்பது பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பெயர்.